ஆலைக்கு ஏற்ற மின்மாற்றி எது?

ரப்பர் ஆலையின் பின்புறத்தில், கம்பி வேலிக்குள்ளோ பூட்டிய ஓர் அறைக்குள்ளோ, இரவும் பகலும் ஒரே சுருதியில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் இரும்புப் பெட்டியைத் தோட்டப்புற மக்கள் நாள்தோறும் கண்டு வருகின்றனர். அருகில் செல்ல வேண்டாமென மண்டையோட்டுச் சின்னம் எச்சரிக்கின்றது. அவ்வெச்சரிக்கை மிகவும் நியாயமானதே. ஆயினும், எட்ட நின்றேனும் அதன் பெயர்த் தகட்டில் பொறிக்கப்பட்டுள்ள எண்ணை நாம் படித்துப் பார்க்கலாம். ஓர் ஆலையில் 500, இன்னோர் ஆலையில் 750, வேறோர் ஆலையில் 1000 என்று இருக்கும். அந்த எண் எவ்வாறு முடிவு செய்யப்படுகின்றது என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பெரியதாக ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் பிற்காலத்தில் கவலை இல்லை என்பார் சிலர். சிறியதாக வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்பார் வேறு சிலர். இருசாராரும் ஆலையின் வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பாராமலே பேசுகின்றனர் என்பது நம் கருத்து. மின்மாற்றி கருகினால் முதலில் நிற்பது இயந்திரம். அடுத்து நிற்பது கூலி.

முன்னாளில் இக்கேள்வி தோட்டங்களில் எழவே இல்லை. 'ஷீட்' அடித்த காலத்தில் பாலை உறைய வைத்து, உருளைகளில் பிழிந்து, புகைக்கூடத்தில் விறகுப் புகையில் உலர்த்தினர். உருளைகளைச் சுழற்ற ஓர் எண்ணெய் இயந்திரம் போதுமானதாக இருந்தது. சிறிய தோட்டங்களிலோ மனிதரின் கைகளே போதும். 1965-ஆம் ஆண்டில் எஸ்.எம்.ஆர். எனப்படும் மலேசியத் தர ரப்பர் அறிமுகமான பின்னர் நிலைமை மாறிற்று. கட்டிப்பாலை வெட்ட ஒரு மோட்டார், கழுவி உருளைகளில் பலமுறை பிழிய வரிசையாகப் பல மோட்டார்கள், துருவ ஒன்று, உலர் அடுப்பினுள் சூடான காற்றைச் செலுத்தச் சில, 33⅓ கிலோ கட்டிகளாக அழுத்தச் சில என ஆலை முழுதும் மின்சாரத்தை நம்பி நிற்கலாயிற்று. செம்பனை ஆலைகளின் கதை வேறு. அங்கே நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, நீராவியால் சுழலியை இயக்கி, மின்சாரத்தை ஆலையே உண்டாக்கிக்கொள்கின்றது. ரப்பர் ஆலைக்கு அந்தப் பேறு இல்லை. வெளியிலிருந்து வரும் மின்சாரமே அதற்கு உயிர்.

அம்மின்சாரத்தைத் தீபகற்ப மலேசியாவில் வழங்கி வருவது தெனாகா நேஷனல் நிறுவனம். 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் மத்திய மின்சார வாரியமாகத் தொடங்கி, 1965-இல் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் பெற்று, 1990-ஆம் ஆண்டு முதல் இன்றைய பெயரில் இயங்கி வருவதும் அதுவே. ஆலையின் வாயில்வரை பெரும்பாலும் 11,000 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் வருகின்றது. மோட்டார்கள் கேட்பதோ 400 வோல்ட். (மூத்த வினைஞர்கள் இன்றும் 415 என்றே சொல்வர், 2008-ஆம் ஆண்டு சனவரி முதல் நம் நாட்டின் நியமம் 400-230 வோல்ட் என மாற்றப்பட்டது.) 11,000-ஐ 400-ஆக இறக்கித் தருவதே மின்மாற்றியின் வேலை.

வாளியின் எடையும் உலர் ரப்பரும்

பெயர்த் தகட்டில் உள்ள எண் கிலோவாட் அன்று. அது கே.வி.ஏ., அதாவது கிலோ வோல்ட்-ஆம்பியர். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு கல்லூரி மாணவரையும் குழப்புவது. ஆனால் பால் வெட்டும் தொழிலாளிக்கு இதனை விளக்குவது எளிது. மரத்திலிருந்து வடியும் பாலில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கே உண்டு. மற்றது பெரும்பாலும் நீர். பால் கொட்டகையில் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுக் கணக்கெழுதுவது அந்த உலர் ரப்பரைக் கண்டறியத்தான். ஆனால் காண்டாவில் இரு வாளிகளை மாட்டிச் சுமந்து வருபவரின் தோள், உலர் ரப்பரை மட்டுமா சுமக்கின்றது? நீரையும் சேர்த்தல்லவா சுமக்கின்றது!

கிலோவாட் என்பது உலர் ரப்பர் போன்றது. அதுவே உருளையைச் சுழற்றும் உண்மையான வேலை. மோட்டார் தன்னுள் காந்தப் புலத்தை உண்டாக்கிக்கொள்ள மேலும் ஒரு மின்னோட்டத்தை இழுக்கின்றது. அது வேலை எதுவும் செய்யாது. ஆயினும் மின்மாற்றியின் செம்புச் சுருள்கள் அதனையும் சுமந்தே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்த முழுச் சுமையே கே.வி.ஏ. கிலோவாட்டைக் கே.வி.ஏ.-ஆல் வகுத்தால் கிடைப்பது திறன் காரணி. பாலும் நீரும் எடையில் நேராகக் கூடுவது போல் இவ்விரு மின்னோட்டங்களும் கூடுவதில்லை; அவற்றைச் செங்கோண முக்கோணக் கணக்கால் சேர்க்க வேண்டும். எனினும், தோள் சுமப்பது முழு எடையை என்பதே இங்கு நினைவிற் கொள்ள வேண்டியது.

இனி ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். வெட்டும் இயந்திரத்திற்கு 75 கிலோவாட். கிரேப் உருளைகள் ஆறு, ஒவ்வொன்றும் 55 கிலோவாட், ஆக 330. துருவும் இயந்திரம் 90. உலர் அடுப்பின் காற்றாடிகள் நான்கிற்கு 60. அழுத்தும் இயந்திரங்கள் இரண்டிற்கு 30. நீரேற்றும் பம்புகள் மூன்றிற்கு 45. கழிவுநீர்க் குளத்தில் காற்றூட்டும் கருவிகள் ஆறிற்கு 45. விளக்குகள், அலுவலகம், பட்டறை ஆகியவற்றிற்கு 25. மொத்தம் 700 கிலோவாட்.

மோட்டாரின் தகட்டில் இருப்பது அச்சில் கிடைக்கும் திறன் ஆகையால், உள்ளே இழுப்பது அதைவிடச் சற்று அதிகம். 93 விழுக்காடு பயனுறுதிறன் என்று கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 750 கிலோவாட் ஆகின்றது. திறன் காரணி 0.80 எனில், 940 கே.வி.ஏ. அருகே வந்து நிற்கிறோம். கூட்டல் கணக்கோடு நிறுத்திக்கொள்பவர் 1000 கே.வி.ஏ. மின்மாற்றிக்கு ஆணை எழுதிவிடுவார்.

ஆனால் ஆலையில் நிற்பவருக்குத் தெரியும், அந்த 700 கிலோவாட்டும் ஒரே நேரத்தில் ஒருநாளும் ஓடியதில்லை என்பது. பம்புகள் மூன்றில் ஒன்று மாற்றுக்காகவே வைக்கப்பட்டிருக்கும். அழுத்தும் இயந்திரம் ஒரு கட்டியை அழுத்திவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். கிரேப் உருளைகளுக்கு மிகக் கடினமான கட்டியை மனத்திற்கொண்டு மோட்டார் தேர்ந்திருப்பர்; சாதாரண நாளில் அவை முக்கால் பங்குச் சுமையிலேயே ஓடும். பட்டறையில் வெல்டிங் வேலை நாள் முழுதும் நடப்பதில்லை. இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு, நம் கற்பனை ஆலையில் ஒரே வேளையில் எழும் உச்சத் தேவை மொத்தத்தில் 65 விழுக்காடு என வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 488 கிலோவாட். திறன் காரணி 0.80-இல் அது 610 கே.வி.ஏ. மின்தேக்கிகள் சுமார் 205 கிலோவார் அளவிற்குப் பொருத்தித் திறன் காரணியை 0.95-க்கு உயர்த்தினால் வெறும் 514 கே.வி.ஏ.

இதே உருளைகள், இதே தொழிலாளர்கள், இதே ரப்பர். ஆயினும் ஒரு கணக்கு 940 என்கிறது, மற்றொன்று 514 என்கிறது. நம் நாட்டில் 300, 500, 750, 1000 கே.வி.ஏ. ஆகிய அளவுகள் பெருவழக்கில் உள்ளமையால் இந்த ஆலைக்கு 750 போதுமா என்று இனி ஆராயலாம்.

அந்த 65 விழுக்காட்டை எங்கிருந்து பெறுவது? புத்தகங்களில் பட்டியல்கள் உண்டு. அவை வழிகாட்டலாம், முடிவு சொல்ல முடியாது. இயங்கி வரும் ஆலையாயின் மின்சாரக் கட்டணச் சீட்டைப் புரட்டுவதே நல்லது. உயரழுத்தத்தில் மின்சாரம் பெறுவோரின் சீட்டில் உச்சத் தேவை எத்தனை கிலோவாட் என்று மாதந்தோறும் குறிக்கப்பட்டிருக்கும். அது ஒரு நொடியின் உச்சம் அன்று. தொடர்ந்த 30 நிமிடங்களில் செலவான யூனிட்டுகளில் மிகக் கூடியதை எடுத்து, அதனை இரண்டால் பெருக்கிக் கண்ட எண் அது. திறன் காரணி 0.85-க்குக் கீழே இறங்கினால் அதற்கெனக் கூடுதல் கட்டணமும் அச்சீட்டிலேயே தோன்றும். ஆகவே மின்தேக்கிக்குச் செலவிடும் பணம் இருவழியில் திரும்பி வருகின்றது.

ஒரு மாதச் சீட்டைப் பார்த்து முடிவு செய்தல் தகாது. பால்மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால் குறைவு. ஆலையும் அரைகுறையாகவே ஓடும். அம்மாதச் சீட்டைக் கொண்டு அளவெடுத்தால், மரங்கள் தழைத்துப் பால் பெருகும் மாதங்களில் மின்மாற்றி திணறும். பன்னிரண்டு மாதச் சீட்டுகளையும் அடுக்கி வைத்துப் பார்த்தல் வேண்டும். புதிய ஆலையாயின் சீட்டே இராது. அப்போது எந்த இயந்திரம் எத்தனை மணிக்கு ஓடும், எது எதனுடன் சேர்ந்து ஓடும் என்று கேட்டறிய வேண்டும். இதற்குப் பொறியாளரைக் காட்டிலும் ஆலை மண்டோரே சரியான விடை தருவார் என்பது நம் எண்ணம்.

வெப்பம் எனும் மெல்லக் கொல்லும் பகை

மின்மாற்றியின் அளவு என்பது உண்மையில் வெப்பத்தின் அளவேயாகும். செம்புச் சுருள்களைச் சுற்றியிருப்பது காகிதம். அதனை மூழ்கடித்திருப்பது எண்ணெய். செம்பு எளிதில் கெடுவதில்லை. எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். காகிதமோ ஒருமுறை நொறுங்கத் தொடங்கினால் மீள்வதில்லை. சுருளின் மிகச் சூடான இடம் 98 பாகை செல்சியசில் இருக்குமாயின் சாதாரணக் காப்புக் காகிதம் இயல்பான வேகத்தில் மூப்படைகின்றது. அதற்கு மேல் ஒவ்வொரு 6 பாகைக்கும் மூப்பின் வேகம் இரட்டிக்கின்றது. 104-இல் இருமடங்கு, 110-இல் நான்மடங்கு, 116-இல் எட்டு மடங்கு.

அனைத்துலக நியமத்தின்படி செய்யப்படும் மின்மாற்றி, ஆண்டுச் சராசரி வெப்பம் 20 பாகைக்கு மேற்படாத இடத்திற்கென வகுக்கப்பட்டது. நம் நாட்டுச் சமவெளிகளில் ஆண்டுச் சராசரியே சுமார் 27 பாகை. ஏழு பாகைதானே என்று எண்ணிவிடலாகாது. ஆண்டு முழுதும் முழுச் சுமையில் ஓடினால் அந்த ஏழு பாகையே காகிதத்தின் ஆயுளைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடும். இதனைத் தவிர்க்க இருவழிகள் உள்ளன. நம் தட்பவெப்பத்தைக் குறிப்பிட்டு, குறைவாகச் சூடேறும் மின்மாற்றியைச் செய்து தரச் சொல்லலாம். அன்றேல், சுமையைச் சற்றுக் குறைத்து வைக்கலாம். சூழ்வெப்பம் 10 பாகை உயர்ந்தால் சுமார் 9 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி நம் 750 கே.வி.ஏ. மின்மாற்றியைத் தொடர்ச்சியாக 705 வரையிலேயே நம்பலாம்.

இப்போது கணக்கை நிறைவு செய்யலாம். வருங்காலத்தில் ஆலை 20 விழுக்காடு விரியும் என்று கொண்டால், மின்தேக்கி உள்ள நிலையில் தேவை 617. அது 705-க்குள் இனிதே அடங்குகின்றது. மின்தேக்கி இல்லாவிடில் 732, அடங்கவில்லை. ஆக, மின்தேக்கியைப் பராமரிக்கும் ஆலைக்கு 750 போதும். அதனைப் பழுதாக விட்டுவிடும் ஆலைக்கு 750-உம் போதாது.

இவ்வளவு கணக்கும் அந்த மின்மாற்றி அறையில் காற்று நடமாடினால்தான் பொருந்தும். மழைச் சாரல் உள்ளே வருகிறதென்று காற்றுச் சாளரங்களைத் தகரத்தால் அடைத்துவிடுவதும், அறையை ஒட்டிச் சாக்குகளை அடுக்குவதும் சில ஆலைகளில் வழக்கமாக உள்ளன. இது, குளிர்ந்த நாட்டிற்கென வகுத்த பெட்டியை நம் வெயிலில் கம்பளியால் போர்த்துவதற்கு ஒப்பாகும்.

வெப்பத்திற்கு ஒரு நற்குணமும் உண்டு: அது மெல்லவே ஏறுகின்றது. எண்ணெய் முழுவதும் சூடாகப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே காலை இரண்டு மணி நேரம் சுமை மிகுந்து, பின்னர் குறையுமானால் மின்மாற்றி அதனைப் பொறுத்துக்கொள்ளும். தோட்டமே தன் லயங்களுக்கும் மின்சாரம் பகிர்ந்தளிக்கும் இடங்களில், லயத்தின் உச்சம் இரவு உணவு வேளையில், ஆலையின் உச்சம் பகலில். இரண்டையும் கூட்டி அளவெடுப்பது வீண். அதே ஆலை இரவு முறைக்கு மாறினால் மட்டும் கூட்டியே ஆக வேண்டும்.

மோட்டார் புறப்படும் நேரம்

வெப்பம் பொறுத்திருக்கும், மின்னழுத்தம் பொறுத்திராது. துருவும் இயந்திரத்தின் 90 கிலோவாட் மோட்டார், ஓடும்போது இழுப்பது சுமார் 110 கே.வி.ஏ. நேரடியாகத் தொடக்கினால் புறப்படும் சில நொடிகளில் அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 660 கே.வி.ஏ. அளவிற்கு இழுக்கும். அரைமணிச் சராசரியில் இது தெரியாது; கட்டணச் சீட்டில் இதற்கு இடமில்லை. ஆனால் விளக்குகள் மங்குவதில் தெரியும்.

மின்மாற்றியின் தகட்டில் மறுப்பு என்று இன்னொரு விழுக்காடு இருக்கும்; 750 கே.வி.ஏ. அளவில் அது 5 அருகே எனக் கொள்வோம். 660-ஐ 750-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 4.4. மின்னழுத்தம் அந்நொடியில் அத்தனை விழுக்காடு தாழும். இது தாங்கக்கூடியதே. அதே மோட்டாரை 300 கே.வி.ஏ. மின்மாற்றியில் தொடக்கினால் தாழ்வு 11 விழுக்காடு. ஓடிக்கொண்டிருக்கும் மற்றச் சுமைகளின் தாழ்வும் மின்கம்பிகளில் ஏற்படும் தாழ்வும் இதனுடன் சேரும்போது, வேறு மோட்டார்களின் தொடர்பிகள் பிடி தளர்ந்து, ஆலையின் பாதி நின்றுபோகலாம்.

ஸ்டார்-டெல்டா முறையில் தொடக்கினால் இழுப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைகின்றது. அத்துடன் முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்காகின்றது என்பதை மறக்கலாகாது. வாய் நிறைய ரப்பரை வைத்துக்கொண்டு துருவும் இயந்திரம் அந்த விசையில் புறப்படாது. ஆகையால் வேலை முடியும்போது இயந்திரத்தை வெறுமையாக்கிவிட்டு நிறுத்தும் தொழிலாளி, மின்மாற்றிக்கும் நன்மை செய்தவராகிறார். மின்தடை ஏற்பட்டு மின்சாரம் திரும்பும் வேளையே மிகக் கடுமையான சோதனை. எல்லா மோட்டார்களையும் ஒரே மூச்சில் தொடக்கிவிட யாருக்கும் ஆசை எழும். பெரியதை முதலில், மற்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, அரை நிமிட இடைவெளி விட்டுத் தொடக்குவதே முறை. இன்று பல ஆலைகளில் வேகங்கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள் வந்துள்ளன. அவை மெல்லத் தொடக்குகின்றன. ஆனால் மின்னோட்டத்தின் அலைவடிவைச் சிதைத்து மின்மாற்றியைக் கூடுதலாகச் சூடாக்கவும் செய்கின்றன. அவற்றின் பங்கு மிகுந்த ஆலை, அதனை முன்கூட்டியே தயாரிப்பாளரிடம் தெரிவித்தல் நலம்.

அப்படியாயின் பெரியதாகவே வாங்கிவிட்டால் என்ன? சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் ஓரளவு மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கும். அது 1.5 கிலோவாட் எனில், ஓர் ஆண்டின் 8,760 மணியில் 13,140 யூனிட். ஆலை மூடியிருக்கும் விடுமுறை நாட்களிலும் இச்செலவு உண்டு. இதனினும் பெரிய ஆபத்து வேறொன்று. 750 கே.வி.ஏ. மின்மாற்றி 400 வோல்ட்டில் தருவது 1,083 ஆம்பியர். அதன் அருகில் குறுக்குச்சுற்று நேர்ந்தால் பாயக்கூடியது ஏறத்தாழ 21,700 ஆம்பியர். மறுப்பு 6 விழுக்காடு உள்ள 1500 கே.வி.ஏ. மின்மாற்றியாயின் அது 36,000 ஆம்பியரை எட்டும். 25,000 ஆம்பியரைத் துண்டிக்கவல்ல பழைய துண்டிப்பான்களை அப்படியே வைத்துக்கொண்டு மின்மாற்றியை மட்டும் பெரிதாக்கினால், பழுது நேரும் நாளில் அப்பலகையே வெடிக்கக்கூடும். அதன் எதிரில் நிற்பவர் சார்ஜ்மேன்.

இறுதியாக, ஒன்றா இரண்டா என்னும் கேள்வி. 1000 கே.வி.ஏ. தேவைப்படும் ஆலை அதனை ஒரே மின்மாற்றியாக வாங்கினால் விலையும் இடமும் குறைவு. 500 வீதம் இரண்டாக வாங்கினால், ஒன்று பழுதானாலும் பாதி ஆலை ஓடும். புதியது வந்து சேரப் பல வாரங்களாகலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டிப்பாலை மட்டும் பதப்படுத்தும் ஆலையில் சரக்குச் சில நாட்கள் காத்திருக்கும். அங்கே ஒன்றே போதும் எனலாம். வயற்பாலை நேரே பெறும் ஆலையிலோ, காலையில் வெட்டிய பால் அம்மோனியா சேர்க்காவிடில் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். அங்கே நாம் இரண்டையே பரிந்துரைப்போம். பம்புகளையும் பால் தொட்டிகளின் கலக்கிகளையும் ஒரு மின்மாற்றியிலும், கனத்த உருளைகளை மற்றதிலும் இணைத்து, இடையில் பூட்டுடன் கூடிய இணைப்பு விசை ஒன்றை வைத்துவிட்டால், ஒன்று ஓய்ந்த நாளில் எதனை ஓட்டுவது, எதனை நிறுத்துவது என்பதைச் சார்ஜ்மேன் ஒருவரே சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.